திவால் கூட்டத்தில் ஓட்டு யாருக்கு?

கேள்வி: லாரி வாடகை பாக்கி வைத்த கம்பெனி திவாலாகிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்குப் போனால் பணம் வருமா? – வாசகர், கூடங்குளம்

பதில்: கூட்டத்துக்குள் நுழைவதே கஷ்டம். 2016 திவால் சட்டப்படி ஓட்டு, வங்கி போன்ற நிதிக்கடன் கொடுத்தவர்களுக்கு. எவ்வளவு கடனோ அவ்வளவு ஓட்டு. கம்பெனியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை 66 சதவீத ஓட்டு தீர்மானிக்கும். லாரிக்காரர், ஜல்லிக்காரர் பாக்கியெல்லாம் சேர்ந்து மொத்தக் கடனில் 10 சதவீதம் தொட்டால்தான் ஒரு பிரதிநிதி உட்காரலாம். பேசலாம், ஓட்டு கிடையாது. பொறுமையும் வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் மேலமருதூரின் 1,200 மெகாவாட் கோஸ்டல் எனர்ஜென் அனல்மின் நிலையம் 2022-இல் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. அதானி பவர் கூட்டணியின் திட்டத்துக்குச் சென்னைக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது 2024-இல்.

வங்கியில் இருப்பது ஊர்ப்பணம், அதற்கு முன்னுரிமை வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் வங்கி அடமானம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. லாரிக்காரர் வாய்ச்சொல்லை நம்பிச் சொந்தக் காசில் டீசல் போட்டார். ஆனாலும் 2019 எஸ்ஸார் ஸ்டீல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைக் கடன் கொடுத்தோர் குழுவின் வணிக முடிவுக்கே விட்டது. சிறு பாக்கிக்காரருக்கும் ஓட்டு தரும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை, பத்திரிகையில் அறிவிப்பு வந்ததும் பில், டிரிப் ஷீட், வங்கிக் கணக்கு நகல்களோடு, பாக்கியைக் கோரும் 'படிவம் பி'யைக் கடைசித் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.