அலாரம் அடிக்காவிட்டால்

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்க, கரண்டும் நின்றுபோனது. ரோச்சுக்கும் ரேடியோவுக்கும் போடுகிற சின்னப் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்போம். இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. அதே ஊரில் இன்று என் மருமகன் வீடுவீடாக அலாரம் பூட்டுகிறான். கரண்ட் நின்றாலும் வேலை செய்யவேண்டும் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 12 வோல்ட் பற்றரி ஒன்றை வைக்கிறான்.

அன்று காவலுக்கு நாயும் அயலும் இருந்தன. “கள்ளன்” என்று ஒரு குரல் கேட்டால் ஒழுங்கை முழுக்க எழும்பி வரும். இன்று இணுவிலிலும் கோண்டாவிலிலும் எத்தனையோ வீடுகளின் சொந்தக்காரர் ஸ்காபரோவில் இருந்தபடி போனில் தங்கள் முற்றத்தைப் பார்க்கிறார்கள். எழும்பி வர ஒழுங்கையில் ஆளில்லாத வீட்டுக்கு அலாரம் வேண்டும்தான்.

காப்புறுதி மட்டும் எங்கள் சனத்துக்கு இன்னும் மனதில் ஒட்டவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் போனது. அடுத்த ஆண்டு திரும்பி வந்த பலருடைய வீட்டில் கதவும் யன்னலும் இல்லை. வழக்கமான தீக்காப்புறுதி போரினால் வரும் இழப்பை ஏற்பதில்லை. பத்திரம் வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஒரே நிலையில்தான் நின்றார்கள். அந்தத் தலைமுறை காப்புறுதிப் பத்திரத்தை வெறுங்கடதாசி என்று சொன்னால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மருமகனைத் தேடி வரக்கூடிய ஆபத்து வேறு.

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை வேலை அவனுக்குக் கிடைத்தது. காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டினால்தான் வேலை தொடங்கலாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு கம்பெனிகளின் விலைகளோடு வந்தான்.

“மாமா, இது மலிவு. இதையே எடுப்பம்.”

“எதுக்குக் காசு தரமாட்டினம் எண்டு எழுதியிருக்கு? முதல் அதை வாசி.”

மலிவானது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. ஏணி சரிந்து கண்ணாடி அலுமாரி உடைந்தாலோ, துளை போடும்போது வாடிக்கையாளர் காயப்பட்டாலோ நட்டஈடு வரும். பூட்டிய கருவி தன் வேலையைச் செய்யத் தவறியதால் வரும் இழப்புக்கு மட்டும் பொறுப்பில்லை என்று விலக்குப் பகுதியில் இருந்தது. அலாரம் பூட்டுகிறவனுக்கு இருக்கிற பெரிய பயமே அதுதானே! கள்ளன் வந்த இரவு அது அடிக்காவிட்டால் போவது கண்ணாடி அல்ல, நகை. கடைக்காரருக்குத் தனிக் காப்புறுதி இருந்தாலும் இவன் தப்பமுடியாது. அவருக்குப் பணம் கொடுத்த கம்பெனி அவருடைய இடத்தில் நின்று, பிழையாகப் பூட்டியவனிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம்.

மற்றது விலை கூடியது. அதில் தொழில்சார் பொறுப்பும் சேர்ந்திருந்தது. இந்த வகையில் பெரும்பாலும், முறைப்பாடு வருகிற நாளில் பத்திரம் நடப்பில் இருக்கவேண்டும். இந்த வருடம் பூட்டியது மூன்று வருடம் கழித்துப் பழுதானால், இடையில் கட்டுப்பணத்தை விட்டவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அலாரம் அடிக்காத சந்தர்ப்பமும் அடங்கும் என்று தனி இணைப்பாக எழுதித் தரும்படி கேட்கச் சொன்னேன். முகவர் வாயால் சொல்வது வழக்கு வரும் நாளில் உதவாது.

அவனோடு இரண்டு பெடியள் ஏணியில் ஏறுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் அவர்களுக்கு ஏதும் நடந்தால் முதலாளிதான் பொறுப்பு. காப்புறுதி எடுக்காதது அந்தப் பொறுப்பைக் குறைக்காது. அவர்களின் தாய்மாரை எனக்குத் தெரியும். மற்ற எதைக் குறைத்தாலும் பெடியளுக்கான காப்புறுதியைக் குறைக்க விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

விலை கூடியதையே எடுக்கிறான். எவ்வளவு தொகைக்கு என்பதுதான் மிச்சம். தான் வாங்கும் கூலியை வைத்துக் கணக்குப் பார்க்கிறான். இரவில் அந்தக் கடையில் கிடக்கும் பவுணை வைத்துப் பார் என்கிறேன் நான். கடை பூட்டும் நேரத்தில் நகை முழுவதும் பெட்டகத்துக்குள் போகவேண்டும், மாதம் ஒருமுறை அலாரத்தை அடித்துப் பார்த்து இருவரும் ஒப்பமிடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறான்.