இலவச விளம்பரத்தின் விலை

ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தால் போதும், கடைக்குக் காலணா செலவில்லாமல் விளம்பரம் என்கிறார்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரக் காசு. ஊரே இலவசமாக விளம்பரம் செய்யும்போது இந்தப் பணத்தை யார் கொட்டினார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. 2007இல் வணிகப் பக்கங்கள் வந்தன, கூட்டம் சேர்ந்தது, பிறகு பதிவுகள் போய்ச் சேருவது குறைந்தது. 2014இல் ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம் ஆராய்ந்த பக்கங்களில் ஒரு பதிவு, பின்தொடர்பவர்களில் நூற்றுக்கு ஆறு பேரையே எட்டியது. மிச்சப் பேரைப் பார்க்க ‘பூஸ்ட்’ பொத்தான் இருக்கிறது. நாம் திரட்டிய கூட்டத்தோடு பேச நாமே கட்டணம் கட்டலாம்.

சவர பிளேடு விற்கும் டாலர் ஷேவ் கிளப் இலவச விளம்பரத்தால் ஜெயிக்கவில்லையா என்பார்கள். ஜெயித்தது. 2012இல் ஒரே யூடியூப் காணொளி, இரண்டு நாளில் 12,000 ஆர்டர். ஆனால் அந்த ‘இலவச’க் காணொளியை எடுக்க 4,500 டாலர் ஆனது. அதில் நடித்த முதலாளி மைக்கேல் டூபின் நகைச்சுவை நடிப்பை முறையாகப் பயின்றவர் (பிளேடு விற்க இவ்வளவு தகுதி வேண்டியிருக்கிறது). அவ்வளவு புகழுக்குப் பிறகும் அந்த நிறுவனம் தொலைக்காட்சியில் காசு கொடுத்துத்தான் விளம்பரம் செய்தது.