தம்புள்ளை ‘டிக்’ இலக்கணம்: சூத்திரமும் உரையும்

சாவியைத் திருகியும் வாகனம் அசையாத அதிகாலை பற்றித் தமிழில் இலக்கண நூல் இல்லாத குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுக்களம், 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். ஏ6, ஏ9 வீதிகள் சந்திக்கும் ஊர் என்பதால் மலைநாட்டுக் கரட்டும் வடக்கு வெங்காயமும் இங்கேதான் இறங்கும். முறை வரும்வரை சாரதிமார் எஞ்சினை நிறுத்தி, றேடியோவை நிறுத்தாமல் காத்திருப்பர். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பலாம் அல்லவா?

சூத்திரம்:
ஒற்றை டிக்கும் அடுக்கு டிக்கும்
இழுவை ஓசையும் ஓசை இன்மையும்
நான்கென மொழிப நாட்டாமி மாரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், ஓசையால் நோயறியுமாறு உணர்த்துதல் நுதலிற்று. நாட்டாமிமார் என்போர் சந்தையில் மூட்டை சுமப்போர்.

அடுக்கு டிக் பற்றரியின் பசி. ஸ்டார்ட்டரின் காந்த சுவிட்ச் ஒட்டியதும் மோட்டார் நூற்றுக்கணக்கான அம்பியர் கேட்கும், வோல்ற்று விழும், காந்தம் கைவிடும். விட்டதும் வோல்ற்று எழும். காந்தம் மறுபடி ஒட்டும். ஒற்றை டிக் எழுந்து, லைற்றும் மங்காமல் எரிந்தால் பற்றரி பெரும்பாலும் நிரபராதி, ஸ்டார்ட்டரை விசாரிக்க. இழுவை ஓசைக்குப் பற்றரியும் காரணமாகலாம், தடித்த வயரின் தளர்ச்சியும் காரணமாகலாம். ஓசையே இல்லையெனில் பச்சை பூத்த முனையை முதலில் சுரண்டிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

இனிப் பிறர் மதம். தள்ளற் பள்ளியார் நாலு பேரைச் சேர்த்துத் தள்ளச் சொல்வர். கியர் வண்டிக்கு இது பொருந்தும். தட்டற் பள்ளியார் ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டுவர். தேய்ந்த கரித்துண்டு இடம் மாறிச் சிலவேளை வேலை செய்துவிடுவதால் இவர்களுக்குச் சீடர் மிகுதி. கழற்றற் பள்ளியாரோ எஞ்சின் ஓடும்போதே பற்றரி முனையைக் கழற்றி, “நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் சரி” என்பர். மொரிஸ் மைனர் டைனமோ காலத்து வழக்கம் இது. இன்றைய ஓல்டனேற்றரில் அப்படிச் செய்தால் வோல்ற்று திடீரென எகிறி டயோட்டையோ கொம்பியூட்டரையோ பலி வாங்கும். இவர்களைத் தவிர வேறெவரையும் இவ்வாய்வு கண்டிக்கவில்லை.

மீற்றர் வைத்திருப்போர்க்குச் சூத்திரமே வேண்டாம். ஓய்ந்திருக்கும் 12 வோல்ற்றுப் பற்றரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 பாதி வயிறு. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால் ஐயுறுக. எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். வராவிட்டால் குற்றவாளி ஓல்டனேற்றர், அல்லது அதைச் சுழற்றும் பெல்ட். பெல்ட் தளர்ந்திருக்கப் பற்றரியை மாற்றுவதே ஊர் வழக்கு. புதியதும் சில நாளில் படுத்துவிடும். பழி பற்றரி விற்றவர் தலையில். (பெரிய லொறிகளில் 24 வோல்ற்று, மேற்படி எண்களை இரட்டிக்க. டிமோ பட்டா என்னும் குட்டி லொறிக்காரர் இரட்டிக்க வேண்டாம்.)

தம்புள்ளை வெயிலையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்வழிக் கணக்கு. வெயில் உள்ளே கெடுக்கும்; குளிரான காலையில்தான் அது வெளியே தெரியும். ஆகவே பலர் பனியைத் திட்டுகிறார்கள்.

ஒழிபு: ஹைபிரிட். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் காரில் 201.6 வோல்ற்றுப் பெரும்பற்றரி இருந்தும், அதை எழுப்பும் 12 வோல்ற்றுக் குட்டிப் பற்றரி செத்தால் கார் எழாது. குட்டி இருப்பது பின்பக்க டிக்கியில். டிக்கியின் பூட்டோ மின்பூட்டு. திறக்கப் பற்றரி வேண்டும். இந்த முரணைக் கண்டு கலங்குவோர்க்கு உரையாசிரியர் கூறும் அமைதி: பொனற்றைக் கம்பி இழுத்துத் திறக்கலாம், அதன் கீழே பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியிட்ட முனை ஒன்று உண்டு. ஜம்பர் வயரின் சிவப்பை அங்கே கொடுத்து, கறுப்பைக் கடைசியாக எஞ்சின் இரும்பில் கொடுக்க.