தாத்தாவின் துப்பாக்கி யார் பேரில்?

கே: பழைய ராணுவ ரைபிள்களைச் சேர்த்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாமா? (ஈப்போ வாசகர்)

ப: மாட்டிக்கொள்ளலாம், இரண்டு அர்த்தத்திலும். உரிமம் இல்லையென்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது ஆறு ரோத்தான். அந்தச் சுவரில் சாமி படம் மாட்டுங்கள்.

கே: துருப்பிடித்து, குழலே அடைத்துப்போனதற்குமா? (சிம்மோர்)

ப: சுடும்படி மாற்றக்கூடியது எதுவும் ஆயுதம்தான் என்கிறது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உதிரிப் பாகமும் அதில் சேர்த்தி. பழைய லயத்தை இடிக்கும்போது நீளமாக ஏதாவது தட்டுப்பட்டால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். செல்ஃபி கண்டிப்பாக வேண்டாம்.

கே: ரப்பர்க் காட்டில் ரைபிள் எப்படி வரும்? (கோப்பெங்)

ப: பால்மரம் ஒன்றுதான் நட்டார்கள், புதைத்தது பல. 1941 டிசம்பர் 30 முதல் நான்கு நாள் கம்பாரில் ஜப்பானியருடன் சண்டை. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வழியெல்லாம் விட்டுப்போன சாமான்களை எடுக்கவும் ஆள் இருந்தது, ஒளிக்கவும் ஆள் இருந்தது. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைந்தபோது வீரர்களுக்குத் தலைக்கு 350 டாலர் கொடுத்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒப்படைக்காததெல்லாம் காட்டுக்குள் போய், அவசரகாலம் தொடங்கிய 1948இல் வெளியே வந்தது.

அடையாளம் எளிது. விசைக்கு முன்னால் பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி தொங்கினால் லீ-என்ஃபீல்டு. கட்டைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இரும்பில் வலப்பக்கம் கிரீடமும் வருடமும் வெட்டியிருக்கும். சிலதில் இஷாபூர் என்றும் இருக்கும். அது வங்காளத்தில் செய்தது, நம் ஆட்களைப் போலவே கப்பலேறி வந்தது. ஜப்பான்காரன் அரிசாகா ரைபிளில் 16 இதழ் சாமந்திப்பூ முத்திரை உண்டு. சரணடையும்போது பலவற்றில் அதை அரத்தால் ராவி அழித்துவிட்டார்கள். பேரரசரின் சின்னம் எதிரி கைக்குப் போகலாமா?

கே: என் தாத்தா நேதாஜி படையில் இருந்தார். அவருடைய ரைபிள் எங்கே? (தஞ்சோங் ரம்புத்தான்)

ப: அது தாத்தாவுடையதே இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியர் கைக்கு வந்த பிரிட்டிஷ் ஆயுதங்கள்தான் பெரும்பாலும் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கிடைத்தன. வெள்ளைக்காரன் துப்பாக்கியாலேயே வெள்ளைக்காரனைச் சுடும் ஏற்பாடு! ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் அதே ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்தது 16 வயதில். 1945இல் ரைபிள்கள் பழைய முதலாளியிடமே திரும்பின. தாத்தாவின் படம் இருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

கே: அவசரகாலத்தில் தோட்டத்தில் எல்லாருக்கும் துப்பாக்கி கொடுத்தார்களாமே? (சுங்கை சிப்புட்)

ப: உங்கள் ஊரில்தானே ஆரம்பித்தது! 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்தில் வாக்கர், இன்னொரு தோட்டத்தில் அலிசனும் கிறிஸ்டியனும் என மூன்று துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள். பிறகு துரை பங்களாவுக்கு மணல் மூட்டையும் முள்வேலியும் வந்தன, ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு ரைபிள் வந்தது. பால் வெட்டுபவருக்கு வந்தது ஐசி! விடியற்காலையில் காட்டோர நிரையில் வாளியும் கத்தியுமாக நின்றவருக்கு, இரண்டு பக்கமும் அடுத்தவர் துப்பாக்கி. நம் ஆட்கள் பேரில் துப்பாக்கி இருந்ததைவிட, துப்பாக்கி நம் ஆட்கள் பக்கம் திரும்பியிருந்ததுதான் அதிகம்.

கே: துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்கா? (பீடோர்)

ப: அவசரகாலத்தில், ஆமாம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை ரிவால்வர் வைத்திருந்த குற்றத்துக்காகத்தான் 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேரு அரசு கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. இந்தப் பதிலில் எனக்கு வேடிக்கை வரவில்லை.

கே: மருமகன் துப்பாக்கிப் பைத்தியம். தலைதீபாவளிக்கு ஏர்கன் வாங்கித் தரலாமா? (பத்து காஜா)

ப: ஏர்கன்னும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். ஏர் ஃபிரையர் வாங்கிக் கொடுங்கள், மகளுக்காவது உபயோகப்படும்.