கரடிக்கு ஓர் உறி

கனடாக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரம், வெந்நீர், மெத்தை எல்லாம் உள்ள வீட்டுக்கு வயது போகும்வரை கடன் கட்டுவார்கள். கோடை வந்ததும், இவற்றில் ஒன்றுமே இல்லாத இடத்தில் போய்ப் படுப்பதற்குத் தனியாகக் காசு கட்டுவார்கள். அதிலும் தராதரம் இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே கூடாரம் அடிப்பவர் கடைநிலை. தண்ணீர்க் குழாய் கிட்ட இருந்தால் அது கணக்கிலேயே வராது. தெரு கிடையாது, வள்ளத்தில் போ, இல்லையென்றால் நடந்து போ என்கிற ஏரிக்கரையில் தங்கி வந்தவர்தான் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தலாம். நுளம்புக் கடியை விழுப்புண்ணாகக் காட்டலாம்.

என் மகன் பல்கலைக்கழகம் போன காலத்தில் இந்த மதத்துக்கு மாறினான். மாறியவர்களுக்கே உரிய வேகத்தில் வீட்டாரையும் மாற்றப் பார்த்தான். "அப்பா, ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்கு எல்லாரும் அல்கோங்குவின் போவம்."

அல்கோங்குவின், ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரக் கார் ஓட்டம். 1893-இல் தொடங்கிய பூங்கா. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் அதுதான் மூத்தது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். ஏழு யாழ்ப்பாண மாவட்டங்களை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஏரிகள் மட்டும் 2,400-ஐத் தாண்டும். வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஊரில், கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து வளர்ந்தவன் நான். ஒரே பூங்காவுக்கு இவ்வளவு ஏரிகளா என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஒன்றுமில்லாத இந்த இடத்துக்கு அடிபிடி வேறு. ஐந்து மாதம் முன்பே, காலை ஏழு மணிக்குக் கணினியின் முன் காத்திருந்து பதிய வேண்டும். அப்போதும் கிடைப்பது எந்த ஏரி என்பது மட்டும்தான். கரையில் எந்த இடம் என்பது முந்திப் போகிறவர் பாடு. ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது. பிறந்தநாளுக்கே மண்டபம் பிடிக்கிற எங்கள் குடும்பத்தில் ஒன்பது பேரைத் தெரிவது பொல்லாத வேலை. பத்தாவதாக நின்ற என் ஒன்றுவிட்ட தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மாமியைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மனுசி சொல்லிவிட்டாள். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரன் சொல்வதைக் கவனமாகக் கேட்டார்.

"கரண்ட்?"

"இல்லை அம்மம்மா."

"தண்ணி?"

"ஏரித் தண்ணிதான். வடிச்சுக் குடிக்கலாம்."

"போறது வள்ளத்திலை. படுக்கிறது தறப்பாளுக்குக் கீழை."

"ஓம். ஆனா நல்ல ரென்ற்."

மாமி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதை நாங்கள் தொண்ணூற்றஞ்சிலை சும்மாவெல்லே செய்தனாங்கள். அப்ப ஒருத்தரும் காசு கேக்கேல்லை."

1995 ஒக்ரோபர் 30-ஆம் திகதி வலிகாமம் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது மாமியும் நடந்தார். பிறகு கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, வன்னியில் மரங்களுக்குக் கீழே வருடக்கணக்கில் இருந்தார். வள்ளத்தில் போய்க் காட்டில் தங்கும் கலையில் எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவர் அவர் ஒருவர்தான். மகனிடம் இருந்தது ஓர் எக்செல் அட்டவணை.

அட்டவணையின் முதல் சண்டை சாப்பாட்டில் வந்தது. பூங்காவின் உட்பகுதிக்குப் பேணியிலோ போத்தலிலோ சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. சட்டம். மாமி எடுத்து வைத்திருந்த ரின்மீன் பேணிகளை மகன் ஒவ்வொன்றாகத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினான். ரின்மீன் இல்லாத இடம்பெயர்வை மாமி அதற்கு முன் கண்டதில்லை. பதிலுக்கு அவன் வாங்கி வந்தது, வெந்நீர் ஊற்றினால் கோழிக்கறியாக மாறும் என்று உறுதி கூறும் பொட்டலங்கள். ஒரு பொட்டலத்தின் காசுக்கு ஸ்காபுறோவில் இரண்டு பேர் வயிறாறக் கொத்துரொட்டி சாப்பிடலாம். மாமி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அறைக்குள் போய்த் தன்னுடைய களஞ்சியத்தைக் கொண்டுவந்தார்: ஒடியல்மா, புழுக்கொடியல், இடித்த சம்பல், வறுத்த அரிசிமா. பாரமில்லை, பழுதாகாது, பேணியுமில்லை. காயவைத்த சாப்பாடு என்கிற துறையில் யாழ்ப்பாணத்தாருக்குப் பாடம் எடுக்க எந்த நாடும் இன்னும் வளரவில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக வந்த பொட்டலத்தின் மணம் வீட்டை நிறைத்தது.

"அம்மம்மா! கருவாடா? கரடி வரும்!"

"வந்தா ஒரு துண்டு குடுப்பம்."

கருவாடு வீட்டில் நின்றது. மாமி அன்று முழுவதும் பேரனோடு கதைக்கவில்லை.

கனூ ஏரி என்றே பெயருள்ள ஏரியிலிருந்து புறப்பட்டோம். வாடகைக்கு எடுத்த கனூக்கள் கெவ்லாரில் செய்தவை. குண்டு துளைக்காத அங்கி செய்யும் அதே நார் என்று மகன் பெருமையாகச் சொன்னான். மாமி வள்ளத்தை விரலால் தட்டிப் பார்த்து, "இது அப்ப எங்கடை கையிலை இருந்திருக்க வேணும்" என்றார். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, சேலையை ஒதுக்கி, நடுவில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். கனூ ஆடவே இல்லை. ஆட்டியது நான்தான்.

போகிற வழியில் மகன் ரொம் ரொம்சன் கதையைத் தொடங்கினான். கனடாவின் காடுகளையும் ஏரிகளையும் வரைந்து பெரும்பேர் பெற்ற ஓவியர். 1917 ஜூலையில் இதே ஏரியில் கனூவில் தனியே போனார். ஆளில்லாத கனூ முதலில் கிடைத்தது. எட்டு நாள் கழித்து உடல் மிதந்தது. துடுப்புப் போடுவதில் கைதேர்ந்த மனிதர் எப்படி இறந்தார் என்று நூறு வருடத்துக்கு மேலாக வாதாடுகிறார்கள். தகப்பனார் முதன்முதலாகத் துடுப்புப் பிடித்திருக்கும் நேரத்தில் இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமா என்று நான் யோசிக்க, மாமி கேட்டார்:

"அவர் கலியாணம் கட்டினவரோ?"

"இல்லை அம்மம்மா."

"அதுதான்" என்றார் மாமி. நூறு வருட வாதம் அத்தோடு முடிந்தது.

ஏரியின் வட முனையில் அணை. அங்கே ஒரு மஞ்சள் பலகை: ஜோ ஏரி, 295 மீற்றர். அவ்வளவு தூரத்துக்கு மனிதன் கனூவைச் சுமக்க வேண்டும். அல்கோங்குவினிலேயே சன நெரிசல் மிகுந்த சுமைவழிகளில் இதுவும் ஒன்று. தனிமை தேடி வந்தவர்கள் பொறுமையாகக் கியூவில் நின்றார்கள். கனூவைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி, குறுக்கே உள்ள மரநுகத்தைத் தோளில் இறக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அப்போது உலகம் மிகவும் சுருங்கிவிடும். என் சப்பாத்து, அதற்கு முன்னால் நாலு அடி மண், ஒரு வேர். இரண்டு கையும் விளிம்பைப் பிடித்திருக்கும். இந்த நேரம் பார்த்துக் கவிழ்ந்த கனூவுக்குள் ஒரு நுளம்பு வந்தது. அதற்கு அவசரம் இல்லை. இடது காதை ஒருமுறை சுற்றியது, வலது காதையும் பார்த்தது, மூக்கு நுனியைத் தெரிந்தெடுத்து இறங்கியது. நான் உதட்டைக் கூட்டி மேல்நோக்கி ஊதினேன். அது இறகைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்ந்தது. பக்கத்தில் காலடிச் சத்தம். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு சருவம், மாமி என்னைக் கடந்து போனார்.

"மெல்ல வாங்கோ தம்பி, அவசரமில்லை."

கூடாரம் அடிக்கும் இடங்களுக்கு மரத்தில் செம்மஞ்சள் பலகை அடித்திருப்பார்கள். கண்ட பலகைக்கெல்லாம் கீழே ஏற்கெனவே யாரோ தேத்தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கை கழன்று விழுகிற நேரத்தில் ஓர் இடம் அகப்பட்டது. கல் அடுக்கிய அடுப்பு, உட்கார இரண்டு மரக்குற்றி, பைன் மரங்கள். மகன் கைகளை விரித்துக் காட்டினான். மாமி சுற்றிப் பார்த்துவிட்டு, அவன் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

அது காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி இருந்தது. குழி, குழிக்கு மேல் மூடி போட்ட மரப்பெட்டி. தண்டர் பொக்ஸ் என்பார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை, கதவு இல்லை. இங்கேதான் மாமி நிலைகுலைந்தார். வேலி என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சும்மா எல்லைக்கோடு அல்ல. பனையோலையாலோ கிடுகாலோ ஆளுயரத்துக்கு அடைத்து, வருடந்தோறும் புதுப்பித்து, அரையடி நகர்ந்ததென்று நீதிமன்றம் போய்த் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற விஷயம். "ஆயிரக்கணக்கான சதுர மைல் காடு வைச்சிருக்கிறாங்கள், நாலு மட்டை வெட்டி மறைக்கத் தெரியேல்லையே!" யாரும் வரமாட்டார்கள் என்று மகன் சொன்னான். "மரை வரும் எண்டு நீதானே சொன்னனி" என்றார் மாமி. பிறகு மூட்டையை அவிழ்த்தார். பழைய வொயில் சேலை ஒன்று வெளியே வந்தது. நாலு மரத்தைச் சுற்றி இழுத்து, முந்தானையை முடிந்து, உள்ளே போக வழியும் விட்டார். பச்சைக் காட்டின் நடுவே ஊதாப் பூப் போட்ட வேலி. மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், வேலியைப் பாவித்தார்கள்.

ஒன்ராறியோவில் 65 வயது தாண்டியவர் மீன்பிடிக்க அனுமதிச்சீட்டு வாங்கத் தேவையில்லை. ஆகவே தூண்டில் மாமியின் கைக்குப் போனது. பொழுது சாய்வதற்குள் பாஸ் மீன் அகப்பட்டது. ஒடியல்மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினார். வெந்நீர்க் கோழிக்கறிப் பொட்டலத்தை மகன்தான் மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தான். மூன்றாவது கோப்பைக்கு நீட்டியதும் அவன்தான்.

இருட்ட முன்னர் சாப்பாட்டுப் பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து நாலு மீற்றராவது உயரம், அடிமரத்திலிருந்து எட்ட. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிளைக்கு மேலால் எறிவது முறை. மகன் எறிந்தான், கல் ஏரியில் விழுந்தது. நான் எறிந்தேன், கல் கிளையைச் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மாமி சிரிப்பை அடக்கவில்லை.

"உறியெல்லே கட்டுறியள்? பூனைக்குக் கட்டுறதுதானே. கரடிக்குக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்."

சரியாக அதுதான், உறிதான். கண்ணனிடமிருந்து வெண்ணெயைக் காப்பாற்ற முடியாத அந்த ஏற்பாட்டை நம்பித்தான் ஒன்ராறியோவின் அத்தனை கரடிக் காடுகளிலும் சனம் நித்திரை கொள்கிறது.

இரவு லூன் பறவை கூப்பிட்டது. 1987-இலிருந்து கனடாவின் ஒரு டொலர் குற்றியில் இருக்கும் பறவை. குற்றியில் பார்க்கிறபோது பரமசாது. இருட்டில் அது எழுப்பிய நீண்ட ஓலத்துக்கு நான் கூடாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாமி இன்னும் வெளியே, நெருப்புக் கிட்ட இருந்தார்.

"மாமி, பயமில்லையோ?"

"என்ன பயம்? திங்கக்கிழமை வீட்டை போறம்தானே" என்று சொல்லிவிட்டு, கொள்ளியைத் தள்ளி வைத்தார்.

கரடி வரவில்லை. விடியற்காலையில் மரக்குற்றியின் மேல் மாமி வைத்த புழுக்கொடியலில் ஒன்றைச் சிவப்பு அணில் தூக்கிக்கொண்டு ஓடியது. கடித்துப் பார்த்து, பல்லின் வலுவைச் சந்தேகித்து, போட்டுவிட்டுப் போனது. மொத்தப் பயணத்தில் வனவிலங்குகளோடு எங்களுக்கு ஏற்பட்ட மோதல் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் மாமி பாரிசில் இருக்கிற தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். "ஓமடி, காட்டுக்குள்ளை. கரடி வந்து சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போட்டுது. நான் அசையேல்லையே." லண்டனில் உள்ள மைத்துனிக்கு எடுத்தபோது கரடி இரண்டாகிவிட்டது, மாமியின் கையில் விறகுக் கட்டை வந்துவிட்டது. மட்டக்களப்புச் சினேகிதிக்குக் கேள்வி எழுந்திருக்க வேண்டும். "நம்பாட்டி மருமகனைக் கேள், பக்கத்திலை நிக்கிறார்" என்று ஃபோனை என் கையில் திணித்தார்.

"ஓம் அக்கா" என்றேன். "நல்ல பெரிய கரடி."