மீன் தப்பக் கூடாது

பென்சில்வேனியா அரசுக்கு 1838இல் ஓர் அணை கட்டும் ஆசை வந்தது. ஜான்ஸ்டவுனிலிருந்து பிட்ஸ்பர்க் போகும் படகுக் கால்வாய்க்குக் கோடையிலும் தண்ணீர் வேண்டுமாம். சவுத் ஃபோர்க் ஓடையை மறித்து மண்கரை எழுப்பினார்கள். கையில் காசு இருந்தால் வேலை, இல்லையென்றால் விடுமுறை. முடிய 1853 ஆயிற்று. அதற்குள் பக்கத்திலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால் படகை யாரும் சீண்டவில்லை.

1857இல் அரசு கால்வாயையும் அணையையும் அதே ரயில்வே கம்பெனியின் தலையில் கட்டியது. கம்பெனிக்கு அணை எதற்கு? 1862இல் கரை உடைந்தது. நல்லவேளை, ஏரியில் அதிகத் தண்ணீர் இல்லை.

1875இல் ஜான் ரெய்லி அதை 2,500 டாலருக்கு வாங்கினார். காங்கிரஸ் உறுப்பினர், அமெரிக்கக் காங்கிரஸ்தான், பதற வேண்டாம். அடிமதகில் இருந்த ஐந்து இரும்புக் குழாய்களையும் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, 1879இல் 2,000 டாலருக்கு அணையைத் தள்ளிவிட்டார். ஏரியின் நீர்மட்டத்தை வேண்டியபோது இறக்க வழியே இல்லாத அணையை வாங்கியவர் பெஞ்சமின் ரஃப். ரயில்வே சுரங்கக் காண்டிராக்டர்.

ரஃப் ஆரம்பித்தது மீன்பிடி, வேட்டைச் சங்கம். கார்னகி, ஃப்ரிக், மெலன் என்று பிட்ஸ்பர்க்கின் பெட்டியடி முதலாளிகளெல்லாம் உறுப்பினர்கள். உடைந்த கரையை மண், வைக்கோல், குதிரை லத்தி போட்டு அடைத்தார்கள். எதிரெதிரே வரும் இரண்டு சாரட்டுகள் ஒதுங்க வேண்டுமென்று கரையின் உச்சியைச் சீவினார்கள். ஈரி ஏரியிலிருந்து ரயிலில் வந்திறங்கிய மீன்கள் கலிங்கு வழியாக ஓடிவிடக் கூடாதே என்று அங்கே கம்பிவலை கட்டினார்கள். ஆக, மீனுக்கு முழுப் பாதுகாப்பு.

கீழே ஜான்ஸ்டவுனில் கேம்ப்ரியா இரும்பாலை நடத்திய டேனியல் மொரெலுக்கு வயிற்றில் புளி கரைத்தது. 1880இல் தன் ஆள் ஜான் ஃபுல்டனை அனுப்பிப் பார்த்தார். மதகு இல்லை, ஒட்டுவேலையும் சரியில்லை என்றார் ஃபுல்டன். உங்கள் ஊருக்கு எங்களால் ஓர் ஆபத்தும் வராது என்று ரஃப் பதில் போட்டார். செலவில் பங்கு தருகிறேன் என்று மொரெல் கெஞ்சியும் பலிக்கவில்லை. கடைசியில் அவரே சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்தார். 1885இல் அவர் போனார். 1887இல் ரஃபும் போய்ச் சேர்ந்தார்.

1889 மே 31. ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் ஏரி தளும்பியது. வலையை எடுக்கலாமென்று போனால், மரக்கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டு அசையவில்லை. மாலை மூன்று மணி வாக்கில் கரை போயிற்று. பதினான்கு மைல் தள்ளியிருந்த ஜான்ஸ்டவுனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் வந்தது. இறந்தவர்கள் 2,209 பேர்.

சங்கம் ஆயிரம் கம்பளி அனுப்பியது. கார்னகி பிற்பாடு நூலகம் கட்டிக் கொடுத்தார். வழக்குகள் வந்தபோது சங்கத்துக்கு வக்கீல் தேட வெளியே போகவில்லை. ஃபிலாண்டர் நாக்ஸ் உறுப்பினராகவே இருந்தார். பின்னாளில் நாட்டுக்கே அட்டர்னி ஜெனரலாக உயர்ந்தவர். வெள்ளம் தெய்வச் செயல் என்று வழக்கு முடிந்தது. வழக்கில் ஜெயித்திருந்தாலும் ஜப்தி செய்ய என்ன இருந்தது? சங்கத்தின் பேரில் இருந்த பெரிய சொத்து அந்த ஏரி. அதை ஏற்கனவே ஜான்ஸ்டவுனுக்கு அனுப்பிவிட்டார்களே.