பதினைந்து ஆம்பியர் தீர்ப்பு: கல்லூரி நாடக மேடையில் ஒளியமைப்பாளருக்கும் இயக்குநருக்கும் உள்ள வழக்கு

கல்லூரி ஆண்டுவிழா நாடகத்தின் ஒளியமைப்பாளர் எனப்படுபவர், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு படிப்பவரும், நடிக்கக் கூச்சப்பட்டவரும், சொந்தமாக ஒரு டெஸ்டர் வைத்திருந்த ஒரே காரணத்தால் பொறுப்பில் அமர்த்தப்பட்டவருமான மாணவர் ஆவார். இவருக்கு வாய்க்கும் இயக்குநர் மூன்றாம் ஆண்டு மாணவராகவும், 'அண்ணா' என்று விளிக்கப்படுபவராகவும், ஆகவே எதிர்த்துப் பேசத் தகாதவராகவும் இருப்பார். இவ்விருவருக்கும் இடையே ஒத்திகைக் காலம் முழுவதும் நிகழும் பூசலில் வெல்பவர் யார் என்ற வினாவுக்கு அறிஞர்கள் இதுவரை விடை தேடியதாகத் தெரியவில்லை. வெல்பவர் இருவருமல்லர் என்பதும், மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் பாதி கழன்று தொங்கும் பதினைந்து ஆம்பியர் சாக்கெட்டே இறுதித் தீர்ப்பை வழங்குகிறது என்பதும் இவ்வாய்வின் துணிபாகும்.

மேடை விளக்கைப் பற்றித் தமிழில் உள்ள பழைய குறிப்புகளுள் ஒன்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் காணப்படுகிறது. மாதவி ஆடவிருந்த அரங்கு 8 கோல் நீளமும் 7 கோல் அகலமும் 1 கோல் உயரமும் கொண்டதாக அமைந்ததையும், தூண்களின் நிழல் இடையூறாக விழாதபடி விளக்குகள் நிறுத்தப்பட்டதையும் இளங்கோவடிகள் பதிவு செய்திருக்கிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் விரித்துரைக்கும் அதே காதை, அந்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்த ஆளைப் பற்றி வாய் திறக்கவில்லை. இம்மரபு கல்லூரி விழாவின் நன்றியுரை வரை இடையறாது தொடர்கிறது. அங்கே சமோசா வாங்கி வந்தவர் பெயர் சொல்லப்பட்ட பிறகும் ஒளியமைப்பாளர் பெயர் வருவதில்லை.

வழக்கின் பௌதிக அடிப்படையை முதலில் விளக்குவது முறை. வாடகைக்கு வரும் விளக்குகளுள் பழகிப்போனது பார் 64 என்பது. பரவளைய வடிவில் அலுமினியம் பூசிய பிரதிபலிப்பானைத் தன்னுள்ளேயே அடக்கிய இவ்விளக்கின் பெயரிலுள்ள எண், அதன் விட்டத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளாக எண்ணியதாகும், அதாவது 8 அங்குலம். ஒவ்வொன்றும் பொதுவாக 1000 வாட் கொள்ளும். 230 வோல்ட் மின்சாரத்தில் 15 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது 3450 வாட் என்பதால், மூன்று விளக்குகள் 13 ஆம்பியரோடு அடங்கியிருக்க, நான்காவது 17 ஆம்பியரையும் ஐந்தாவது 21 ஆம்பியரையும் தாண்டச் செய்யும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்னோட்டம் மிகும்போது தானே விழும் எம்சிபி என்னும் சுவிட்சு, ஓரளவு மீறலை உடனே தண்டிப்பதில்லை. அதனுள்ளிருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்த பிறகே அது விழும். ஒத்திகையில் ஐந்து நிமிடம் ஒழுங்காக எரிந்து இயக்குநரின் வாதத்தை மெய்ப்பித்த ஐந்து விளக்குகள், விழாவன்று கதாநாயகனின் தந்தை உயிர்விடும் கட்டத்தில் ஒருசேர அணைந்துபோவதற்குக் காரணம் இந்தப் பட்டையின் பொறுமையே ஆகும். அவையினர் அதைக் குறியீடு என்று கொண்டு கைதட்டியதும் உண்டு. அக்கைதட்டலை இயக்குநர் தம் கணக்கில் எழுதிக்கொண்டதும் உண்டு.

யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் வெளியிட்ட நூலில், மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்புறத்தின் இடத்திலும் வலத்திலும் இருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் ஒரு வெம்மை நிற விளக்கும் ஒரு குளிர் நிற விளக்கும் ஒளி பாய்ச்ச வேண்டும் என்ற முறையை வகுத்தார். மேடையை ஆறு பகுதிகளாகக் கொண்டால் இதற்குப் பன்னிரண்டு விளக்குகள் தேவைப்படும். கையிலிருப்பவை நான்கு, அவற்றிலும் ஒன்று தட்டினால்தான் எரியும் என்ற நிலையில் இருக்கும். ஆகவே ஒளியமைப்பாளர் இரண்டு பகுதிகளுக்கு மட்டும் முறைப்படி ஒளியளித்துவிட்டு மற்ற நான்கையும் கடவுளிடம் ஒப்படைக்கிறார். இயக்குநரோ, கதையின் உச்சக்கட்டத்தை மிகச் சரியாகக் கடவுளின் பகுதியில் கொண்டுபோய் வைக்கிறார்.

நடிகர் விளக்கைத் தேடி வர வேண்டுமா, விளக்கு நடிகரைத் தேடிப் போக வேண்டுமா என்னும் பெருவிவாதம் இதிலிருந்தே பிறக்கிறது. இதனைத் தத்துவத் தளத்தில் விவாதித்தவர்கள் யாவரும் தோற்றனர். நாற்காலி போட்டவர்களே வென்றனர். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் யாரும் கேட்காமலே ஒரு மர நாற்காலியைப் போட்டுவைத்தால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கும் மாணவ நடிகர் அதன் முதுகைப் பிடித்துக்கொள்ள அங்கே தானாகவே வந்து நிற்பார், மூன்றாம் நாள் ஒத்திகையில் அந்த நாற்காலி தம்முடைய கற்பனை என்று இயக்குநரும் நம்பத் தொடங்குவார். நாற்காலிக்கு இடமில்லாத காட்சிகளில் நடிகருக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான்: கன்னத்தில் சூடு படும் இடம் வரைக்கும் நட. ஹாலஜன் விளக்கின் வெம்மை, சாக்பீஸ் கோட்டைக் காட்டிலும் நம்பத்தகுந்த எல்லைக்கல்.

இயக்குநர் மொழியில் மிகுதியாக ஆளப்படும் வாக்கியம், "நல்லா இருட்டா இருக்கணும், ஆனா முகம் தெரியணும்" என்பதாகும். மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை முரண் என்று தள்ளிவிடுவர். ஆனால் கண்ணின் இயல்பை அறிந்தோர்க்கு இது நியாயமான கோரிக்கையே. கண் வெளிச்சத்தின் அளவை அறிவதில்லை, ஒப்பீட்டையே அறிகிறது. பின்திரைமேல் விழும் ஒளியை அறவே நீக்கிவிட்டு, ஒரே விளக்கைச் சவுக்குக் கம்பில் கட்டுக்கம்பியால் இறுக்கி மேடையின் ஓரத்தில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து முகத்தில் மட்டும் படும்படி செய்தால், அவையோர் அதை இருட்டு என்றே உணர்வர். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்ற விதியின்படி, 24 அடியிலிருந்து 12 அடிக்கு நகர்ந்த விளக்கு, வாடகை கேட்காமல் மூன்று விளக்குகளைக் கூடுதலாகத் தருகிறது. இதற்கு முந்தைய காட்சி பளிச்சென்று இருந்துவிட்டால் இன்னும் நல்லது. கூசிய கண்ணுக்கு அடுத்து வருவதெல்லாம் இரவுதான். இத்தனையையும் பட்டப்பகலில், சன்னல்கள் திறந்த மண்டபத்தில் நின்றுகொண்டு மதிப்பிடும் இயக்குநர், "ஒண்ணுமே தெரியலயேடா" என்பார். அவரிடம் வாதிடுவதைவிட சன்னலைச் சாத்துவது எளிது.

நிலவொளி பற்றிய சர்ச்சையில் ஆய்வாளர் நடுநிலை வகிக்க இயலாது. நிலா நீலம் என்று இயக்குநர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. நீல ஜிலேட்டின் தாள், அதாவது விளக்கின் முன் செருகும் வண்ணத் தாள், ஹாலஜன் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது என்பதே இங்கு பொருட்டு. ஜிலேட்டினுக்குக் காசில்லாதபோது ஸ்டேஷனரி கடையில் பரிசுப்பொருள் சுற்றும் கண்ணாடித் தாள் வாங்கப்படும். அது முதல் காட்சியில் நீலமாக இருந்து, இரண்டாம் காட்சியில் நடுவில் சுருங்கி, மூன்றாம் காட்சியில் பழுப்பு வளையமிட்ட ஓட்டையாகி, கருகிய வாசனையோடு நிலவைச் சூரியனாக மாற்றும். விளக்கின் முகத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டினால் அதன் ஆயுள் சற்று நீளும்.

இயக்குநர்கள் முன்னுதாரணங்களைக் கையாளும் முறையும் நோக்கத்தக்கது. வங்க நாடகக்காரர் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில், நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறி வருவதை ஒளியால் காட்டி அவையை அதிரவைத்தார் ஒளியமைப்பாளர் தபஸ் சென். புயலோ வெள்ளமோ வேண்டும்போதெல்லாம் இயக்குநர் இவரை மேற்கோள் காட்டுவார். அதே இயக்குநர், வாடகைக்கு இன்னும் ஐந்நூறு ரூபாய் கேட்கும்போது, "தெருக்கூத்துல பெட்ரோமாக்ஸ் வச்சு விடிய விடிய ஆடலையா தம்பி?" என்று வடாற்காட்டுப் பக்கம் திரும்பிவிடுவார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மாலையில் சொல்வதுதான் அநியாயம்.

தேர்ந்த ஒளியமைப்பாளர் 'முடியாது' என்ற சொல்லை ஒருபோதும் ஆள்வதில்லை. கோவில் காட்சிக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு வேண்டும் என்று இயக்குநர் கேட்டால், "போட்டுடலாம்ணா, கிணத்தடி சீன்ல எந்த லைட்டை எடுக்கட்டும்?" என்று பணிவோடு கேட்பதே மரபு. இவ்வினாவின் ஆற்றல் அளப்பரியது. அதுவரை ஒளியமைப்பாளரோடு பூசலிட்ட இயக்குநர் அக்கணம் முதல் தம்மோடு தாமே பூசலிடத் தொடங்குகிறார். கோவிலா கிணறா என்று அரைமணி நேரம் தாடியைத் தடவிய பின், இரண்டு காட்சிகளில் எது நாடகத்துக்கு இன்றியமையாதது என்பதை முதன்முறையாகக் கண்டுபிடிக்கிறார். நான்கு விளக்குகள் மட்டுமே இருந்ததால் கதை திருந்திய நாடகங்கள் பல.

அண்மையில் பரவியுள்ள எல்இடி பார் விளக்குகள் இந்த நீதிமுறையின் அடித்தளத்தையே அசைத்துவிட்டன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 200 வாட்டுக்கும் குறைவாகவே கொள்வதால், ஒரே சாக்கெட்டில் பதினைந்தைச் செருகினாலும் சுவிட்சு விழுவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 256 படிகளில் கூடிக் குறைவதால் ஒரு விளக்கு கணக்குப்படி 1,67,77,216 நிறங்களைத் தரும். தீர்ப்பளிக்க ஆளில்லாத நிலையில் ஒவ்வொரு நிறத்தையும் இயக்குநர் ஒருமுறை பார்த்துவிட விரும்புகிறார். கத்தரிப்பூ நிறத்துக்கும் நாவல்பழ நிறத்துக்கும் இடைப்பட்ட ஒன்றைத் தேடி முழு ஒத்திகையும் கழிந்து, நடிகர்கள் விடுதிக்குச் சாப்பிடப் போய்விடுவதும் நிகழ்கிறது. விவரமறிந்த ஒளியமைப்பாளர்கள் சிலர், ஆறு விளக்குகள் வாடகைக்கு வந்திறங்கும் நாளில் இரண்டை ஓசைப்படாமல் சவுண்ட் சர்வீஸ் வண்டியிலேயே விட்டுவிடுகின்றனர். "ரெண்டு ரிப்பேராம்ணா" என்ற அவர்களது விளக்கத்தை எந்த இயக்குநரும் இதுவரை ஐயுற்றதில்லை.